கேட்க மட்டும் வந்தவர்

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்றே மிஸ் கேட்ட ஒரு கேள்வி உம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"இந்த வீட்டுல ஆரு எங்க படுக்கிற?"

எனக்குக் கல்யாணம் முடிந்து நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. பேர், வயது, படிப்பு, எத்தனை பிள்ளைகள் என்று வழக்கமாகக் கேட்பதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தவர் அதே குரலில் இதையும் கேட்டார். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அதெல்லாம் என்னத்துக்கு மிஸ்?"

"எழுதுறத்துக்குத்தான். சொல்ல விருப்பமில்லாட்டி விடுங்க."

அவர் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிப்பிக்கிறவர். சொந்த ஊர் அக்கரைப்பற்று. கிராமத்துக் குடும்பங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எங்கள் மாவடிப்பள்ளியில் சில வீடுகள், நற்பிட்டிமுனையில் சில, பாண்டிருப்பிலும் திருக்கோவிலிலும் தமிழ் ஆட்களின் வீடுகள் சில என்று தெரிந்தெடுத்து, வருடத்துக்கு ஒருமுறை அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போவார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுவார். பெற்றவர்கள் பின்பக்கம் ஒதுங்கிக்கொள்வார்கள். இளைய மகள் இருந்தால் அவளுக்கு அடுத்த வீட்டைக் கட்டத் தொடங்குவார்கள். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற விஷயம். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன்.

உம்மா கடைசியில் சொன்னார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "முன்னறை மகளுக்கும் மருமகனுக்கும். நாங்க ரெண்டு பேரும் பின்னுக்கு, குசினிக்குப் பக்கத்தால. சின்ன மகள் எங்களோட."

மிஸ் ஒரு சதுரக் கொப்பியில் எங்கள் வீட்டைக் கீறினார். சுவர், கதவு, கிணறு எல்லாம் சின்னச் சின்னக் கோடுகள். ஒவ்வோர் அறைக்குள்ளும் பென்சிலால் பேர் எழுதினார்.

"இதுக்கு முதல் முன்னறையில ஆரு?"

"நாங்கதான்."

"எத்தின வருசம்?"

 உம்மா தேத்தண்ணி ஊற்ற எழுந்து போய்விட்டார். 

மிஸ் எப்போதும் பஸ்ஸில்தான் வருவார். பெரிய கறுப்புக் குடை, சாம்பல் நிற அபாயா, தோளில் ஒரு துணிப் பை. கொடுத்த கதிரையில் இருப்பார். கதிரை இல்லாத வீட்டில் பாயில் இருப்பார். தேத்தண்ணி கொடுத்தால் எவ்வளவு சீனி போட்டிருந்தாலும் மிச்சம் வைக்காமல் குடிப்பார். காலையிலிருந்து நாலைந்து வீடு ஏறி இறங்கினால் நாலைந்து கோப்பை.

ஆனால் அவரிடமிருந்து யாருக்கும் ஒரு சொல் கிடைக்காது. படித்தவர், பல்கலைக்கழகத்தில் இருப்பவர் என்று சனம் எவ்வளவோ கேட்டுப் பார்த்தது. மகனை எந்தப் பாடத்துக்குப் போடலாம், காணி உறுதியை எப்படி மாற்றலாம், அரசாங்கக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதித் தர ஏலுமா. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். "எனக்குத் தெரியா. நான் கேக்கத்தான் வந்த." அடுத்த வளவில் இருக்கிற என் சாச்சி, உம்மாவின் தங்கை, ஒருதரம் தன் ராத்தாவான என் உம்மாவைப் பற்றிக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எங்கட ராத்தா வீட்டுல எங்களப் பத்தி என்ன சொன்ன மிஸ்?"

"அத ராத்தாக்கிட்டத்தான் கேக்கணும்," என்றார் மிஸ்.

பெருமை பிடித்த மனுசி என்று சாச்சி சொல்லித் திரிந்தார். அப்படிச் சொன்னவர்தான் அடுத்த முறை மிஸ் வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணித்தியாலம் கதைத்தார். என்ன கதைத்தார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

தங்கைக்கு வீடு கட்டவேண்டும் என்று உம்மா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு மிஸ் வந்தபோது அந்தக் கேள்விக்கு வாப்பாதான் பதில் சொன்னார்.

"நான் பின்னறையிலதான் படுக்கிற."

மிஸ் எழுதினார். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். அது பொய். உம்மா போன நாளிலிருந்து வாப்பா அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. வயலுக்குள் இருக்கிற வாடியில், கிடுகு வேய்ந்த அந்தக் காவல் கொட்டிலில் தனியாகப் படுப்பார். விதைப்பும் இல்லாத, வெட்டும் இல்லாத, காவலுக்கு ஒன்றுமே இல்லாத காலத்திலும் அங்கேதான். மிஸ் புறப்பட்டபோது நான் கேற்றடிவரைக்கும் கூடப் போய்ச் சொன்னேன்.

"வாப்பா சொன்னது பொய் மிஸ். அவர் வாடியிலதான் படுக்கிற."

"அவர் சொன்னத்த எழுதிட்டன். நீங்க சொல்றத்த வேறயா எழுதுறன்." கொப்பியை மதிலில் வைத்து அங்கேயே நின்று எழுதினார்.

"வாப்பாக்கிட்டக் கேப்பீங்களா?"

"இல்ல."

அடுத்த முறை அவர் வந்தபோது வாப்பா இல்லை. அதற்கு முன்பே ஒரு நாள் வாடிக்குள்ளேயே மவுத்தாகிக் கிடந்தார். காலையில் தேத்தண்ணி கொண்டு போன தங்கைதான் கண்டாள். வேலை வீட்டார் உம்மாவை வர விடவில்லை, போனில் அழுதார். மிஸ் கேள்விப்பட்டிருக்கவில்லை. நான் சொன்னதும் "இன்னாலில்லாஹி" என்றார். கொஞ்ச நேரம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு பென்சிலைச் சீவினார். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. பின்னறையில் இப்போது தங்கை மட்டும் என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

என் மாப்பிள்ளை வாப்பாவின் ராத்தா மகன். அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். எங்கள் பக்கத்து வெட்டு முடிந்ததும் மெஷினோடு பொலனறுவைப் பக்கம் போவார், ஒன்றரை மாதத்தில் திரும்பி வருவார். மகளுக்கு நாலு வயதான வருடம் போனவர் வரவில்லை. முதலில் மெஷின் பழுது என்றார். பிறகு வேறு வேலை கிடைத்திருக்கிறது என்றார். பிறகு போனைத் தூக்குவதையே விட்டார்.

நான் யாருக்கும் சொல்லவில்லை. அலுமாரியில் கிடந்த, அவர் இடுப்பில் உடுக்கிற சாரன் இரண்டை மாறி மாறிக் கழுவிக் கொடியில் போட்டேன். சாச்சியின் குசினியிலிருந்து பார்த்தால் எங்கள் கொடி தெரியும். கிழமைக்கு இரண்டு நாள் அந்தச் சாரன் காய்ந்தது.

அந்த வருடம் மிஸ் வந்தார். கொப்பியை விரித்து வீட்டைக் கீறினார்.

"முன்னறையில?"

"நானும் மகளும்."

"அவர்?"

வேறு எந்தக் கேள்வியாக இருந்திருந்தாலும் நான் பொய் சொல்லியிருப்பேன். ஊரே எங்கே உன் மாப்பிள்ளை என்று கேட்டபோது கூசாமல் சொன்ன பொய்தான். அவர் பென்சிலை அந்தக் கட்டத்துக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அவர் இஞ்ச படுக்கிறல்ல மிஸ்."

"எவ்வளவு காலமா?"

"போன பெரும்போக வெட்டுக்குப் பிறகு."

எழுதினார். யன்னலால் வெளியே பார்த்தார். கொடியில் சாரன் கிடந்தது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நான் என்ன செய்யிற மிஸ்?"

"எனக்குத் தெரியா புள்ள," என்றார். என்னைப் புள்ள என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வருடமும் வந்தார். அதே கேள்வி, அதே பதில்.

அதற்குப் பிறகுதான் என் தங்கை போனில் ஒரு படத்தைக் காட்டினாள். மெஷினுக்கு முன்னால் என் மாப்பிள்ளை நிற்கிறார். பக்கத்தில் ஒரு பெண், கையில் குழந்தை. நான் அந்தப் படத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. அந்தக் குழந்தைக்கு எங்கள் மகளின் நெற்றி.

விவாகரத்துக் கேட்டுக் காதி கோட்டுக்குப் போனேன். இரண்டு வருடமாக எங்களைக் கைவிட்டுவிட்டார் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் தன் கூடப்பிறந்த மூத்த காக்காவையும் கூட்டிக்கொண்டு வெள்ளைச் சேட்டோடு வந்தார்.

"நான் கைவிடல்ல. ரெண்டாங் கலியாணம் செஞ்சது உண்மதான். அதுக்காக இவவ விட்டல்ல. கிழமைக்கு ரெண்டு நாள் நான் மாவடிப்பள்ளியிலதான் படுக்கிற," என்றார்.

காதியார் சாட்சி கேட்டார். வாப்பா இல்லை, உம்மா சவூதியில். தங்கை என் பக்கத்து ஆள், அவள் சொல்வது மட்டும் போதாது என்றார். அடுத்த வளவில் இருக்கிற சாச்சி வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சாச்சியின் மகளை அப்போதுதான் என் மாப்பிள்ளையின் தம்பிக்குப் பேசியிருந்தார்கள்.

"நான் வந்து என்னத்தப் புள்ள சொல்ற?" என்றார் சாச்சி. என் முகத்தைப் பார்க்காமல் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார். "அவன்ட சாரன் கொடியில காயிறத்த நான் கண்ணால கண்டன்."



மறுநாள் காலை பஸ் ஏறி அக்கரைப்பற்றுக்குப் போனேன். மிஸ்ஸின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். மாடி வீடு. கேற்றைத் திறந்த பெண், "அவட அறை அந்தப் பக்கம்," என்று காட்டினார். அவர் மிஸ்ஸின் தங்கை. தாய் தகப்பனின் வீடு தங்கைக்குச் சீதனமாகப் போயிருக்கிறது. கல்யாணம் முடிக்காத மிஸ்ஸுக்கு மதிலோடு ஒட்டி ஓர் அறை கட்டியிருந்தார்கள். ஒரு கட்டில், ஒரு மேசை, சுவர் முழுக்கப் புத்தகம். அவர் வீட்டை யாராவது கீறினால் அவருடைய பேரை எங்கே எழுதுவது என்று எனக்கு அப்போது விளங்கியது. ஆனால் அதை யோசிக்க நான் போகவில்லை.

"ஒங்கட கொப்பியில எழுதியிரிக்கிதானே மிஸ், அவர் இஞ்ச படுக்கிறல்ல எண்டு?"

"ஓம். ரெண்டு வருசமும் எழுதியிரிக்கி. திகதியும் இரிக்கி."

"அதக் காதியாருக்கிட்டக் காட்டினாக் காணும்."

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே தங்கையின் பேரப்பிள்ளைகள் யாரோ பந்து அடிக்கும் சத்தம்.

"ஏலா."

"என்னத்துக்கு ஏலா?"

"அந்தக் கொப்பியில நீங்க மட்டும் இல்ல. வாப்பா சொன்னதும் இரிக்கி, உம்மா சொன்னதும் இரிக்கி. ஒரு இடத்துல ஒருக்காத் தொறந்தா, பிறகு கேக்கிற எல்லாருக்கும் தொறக்கணும். நாளைக்கு ஒங்கட மாப்புள வந்து கேப்பார். இன்னொரு வீட்டுல ஒரு காக்கா வந்து, என்ட தங்கச்சி என்ன சொன்ன எண்டு கேப்பார். வெளிய போகாது எண்டு சொல்லித்தான் நான் எல்லா வீட்டுலயும் கேட்ட."

"நான்தானே சொன்ன. நானேதான் கேக்கன்."

"ஓம். அது நாயமான கதைதான்."

"அப்ப?"

"அப்பயும் ஏலா புள்ள."

பஸ் நிற்கும் இடம்வரைக்கும் கூட வந்தார். வெயிலுக்குக் குடையை என் பக்கம் பிடித்தார்.  பஸ்ஸில் ஏறிய பிறகு நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் விசாரணை நடந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வந்தார். பெண்கள் வரிசையாக இருக்கிற மர வாங்கில் கடைசியில் இருப்பார். கையில் கொப்பி இருக்காது. என்னோடு கதைக்க வரமாட்டார். என் விசாரணை முடிந்ததும் எழுந்து போய்விடுவார். நான் ஸலாம்கூடச் சொல்லவில்லை. ஒரு தரம் அவரைச் சுட்டிக்காட்டி, "அந்த மனுசி ஒங்கட ஆளா?" என்று கோட்டில் ஒரு பெண் கேட்டார். இல்லை என்றேன்.

சாட்சி இல்லாமல் வழக்கு விழுந்துவிட்டது. காதியாருக்கும் மனமில்லை, "ரெண்டு பேரும் சமாதானமாப் போங்க," என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பிறகு நாலு வருடம் நான் என்னை விட்டுப் போனவரின் மனைவியாகவே இருந்தேன், அவர் வராத வீட்டில். அந்தக் காலத்தில் ஒருவர் என்னைக் கேட்டு வந்தார். மனைவி மவுத்தாகி, ஒரு மகனோடு இருந்த வாத்தியார். நல்ல மனிதர். விடுதலை கிடைக்கட்டும் என்று ஒன்றரை வருடம் காத்திருந்தார். பிறகு வேறிடத்தில் கல்யாணம் முடித்தார். அவர்மேல் பிழை இல்லை. கடைசியில், அந்தப் புதுப் பெண்ணின் ஆட்கள் நெருக்கியதால் என் மாப்பிள்ளை தானாகவே தலாக் கொடுத்தார். கடிதம் வந்தபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வாசித்துவிட்டு ஃபிரிஜ்ஜுக்கு மேலே வைத்துவிட்டு, மிச்சக் கஞ்சியை வடித்தேன்.

இதற்குள் மிஸ் நாலு முறை வந்து போயிருந்தார். நாலு முறையும் நான் வீட்டில் இல்லாத மாதிரி உள்ளே இருந்துகொண்டேன். கேற்றடியில் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு அடுத்த வீட்டுக்குப் போவார்.

எங்கள் தெருவில் ஒரு பிள்ளை மிஸ்ஸிடம் படித்துவிட்டு இப்போது இஸ்கூலில் படிப்பிக்கிறாள். அவள்தான் பிறகு பல விஷயம் சொன்னாள். மிஸ்ஸோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லோரும் பேராசிரியர்களாகிவிட்டார்கள். மிஸ் கடைசிவரைக்கும் விரிவுரையாளராகவே இருந்து ஓய்வு பெற்றார்.

"பெரிய புத்தகம் ஒண்டு எழுதி முடிச்ச ராத்தா. வெளிநாட்டுல போடவும் ஓமெண்டு சொல்லிட்டாங்க. பேரெல்லாம் மாத்தித்தான் இரிந்திச்சி. அச்சுக்குப் போற நேரம் மிஸ் வேணாம் எண்டு திருப்பி எடுத்துட்டா."

"என்னத்துக்கு?"

"பேர மாத்தினாலும், வயலுக்குள்ள வாடியில மவுத்தான மனுசன் எண்டு எழுதினா மாவடிப்பள்ளியில எல்லாருக்கும் விளங்கும்தானே எண்டா. பேரில்லாம, ஊரில்லாம, மேலோட்டமா ரெண்டு மூணு கட்டுரை மட்டும்தான் வந்திச்சி. அத வெச்சி ஆரு பேராசிரியர் பதவி குடுக்கிற?"

 போகும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். "மிஸ்ஸுக்கு முப்பது வயசுலயே சீனி வருத்தம். ஒங்களுக்குத் தெரியாதா ராத்தா?"

தெரியாது. அந்த நோயோடுதான் அத்தனை வருடம் நாங்கள் போட்டுக் கொடுத்த சீனியை அவர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். வேண்டாம் என்று சொன்னால் கதை வேறு பக்கம் போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ.

கடைசியாக அவர் வந்தது ஓய்வு பெற்ற பிறகு. ஆட்டோவில் வந்து இறங்கினார். வலது காலில் கட்டு. அன்று நான் ஒளியவில்லை. கதிரையில் இருந்ததும் பழக்கத்தில் பைக்குள் கையை விட்டுக் கொப்பியை எடுத்தார்.

"இந்தத் தரம் நான் ஒண்டும் சொல்றல்ல மிஸ்," என்றேன்.

"சரி," என்று திரும்பப் பைக்குள் வைத்தார்.

சீனி போடாமல் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மிச்சத்தையும் குடித்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மகள் இஸ்கூல் விட்டு வந்து ஸலாம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். வெகு நேரத்துக்குப் பிறகு மிஸ் தானாகக் கதைத்தார்.

"அண்டைக்கு நான் செஞ்சது சரியா பிழையா எண்டு எனக்கு இன்னம் தெரியா புள்ள."

பரவாயில்லை மிஸ் என்று சொல்லியிருக்கலாம். பிழைதான் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். எனக்கு அன்று சொல்ல ஒன்றும் வரவில்லை. ஆட்டோவில் ஏறக் கை கொடுத்தேன். அவருடைய கை நல்ல குளிர்ச்சியாக இருந்தது.

ஒரு வருடம் கழித்து, வட்ஸப்பில் மிஸ்ஸின் மவுத்துச் செய்தி வந்தது. லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். நான் மகளை இஸ்கூலிலிருந்து கூட்டி வரத் தங்கையிடம் சொல்லிவிட்டு அக்கரைப்பற்றுக்குப் போனேன்.

மையித்தை மாடி வீட்டின் பெரிய மண்டபத்தில் வைத்திருந்தார்கள். உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பாய் முழுக்கப் பெண்கள். மாவடிப்பள்ளிப் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். சாச்சியும் ஒரு மூலையில் இருந்தார். மிச்சப் பேரை நான் முன்பின் கண்டதில்லை. நெற்றியில் பொட்டை அழித்துவிட்டு வந்திருந்த தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். யாரும் யாரோடும் கதைக்கவில்லை. சாச்சி என்னைக் கண்டு தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டார். நான் அங்கேதான் இருந்தேன்.

எனக்கு மற்றப் பக்கத்தில் திருக்கோவிலிலிருந்து வந்த ஓர் அம்மா. "உங்கட வீட்டுக்கும் வாறவவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓம்."

"கன காலமா?"

"ஓம்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மிஸ்ஸின் தங்கையும் அவருடைய மகளும் மையித்தின் தலைமாட்டில் இருந்தார்கள். இன்னும் பெண்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். மகள் எங்களை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டுத் தாயின் காதுக்குள் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

"உம்மா, இவங்கெல்லாம் பெரியும்மாக்கு ஆரு?"

தாய் அழுது வீங்கிய கண்களால் எங்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தார்.

"தெரியா மகள்," என்றார். "அவ எனக்கு ஒண்டும் சொன்னல்ல."